கயிற்றை அவிழ்க்கும் முன் சிவப்பு உருளையைப் பாருங்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெங்களூர் தமிழ்க் குடும்பங்களில் மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிடும். சிலர் நேராகச் சொந்த ஊருக்குப் போவார்கள். சிலர், "ஊருக்குப் போகும் முன் கேரளாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே" என்று ஆலப்புழைக்குச் சீட்டு வாங்குவார்கள். இரவு ரெயிலில் ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். மதியச் சாப்பாடு படகு வீட்டில்!

அப்படி ஒரு குடும்பம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. படகில் ஏறியதும் பிள்ளைகள் முன்பக்க நாற்காலிக்கு ஓடுகிறார்கள். அம்மா, குளியல் அறை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாள். அப்பா, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்.

பாட்டி மட்டும் சமையல் அறைக்குப் போகிற வழியில் நின்று, சுவரில் தொங்கும் சிவப்பு உருளையைப் பார்க்கிறாள்.

"ஏம்ப்பா, இது எதுக்கு?"

"அது தீயை அணைக்கிறதும்மா."

"தண்ணியில மிதக்கிற படகுக்குத் தீயா?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். படகு புறப்பட்டுவிடுகிறது.

பாட்டியின் கேள்வி சிரிப்புக்கு உரியது அல்ல. அந்தக் குடும்பத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அடுத்து அவள் கேட்டிருக்க வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று: "இது வேலை செய்யுமா?"

ஒரே நாளில் இரண்டு

சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14-ந் தேதி வரும். நமக்குப் புத்தாண்டு. இந்தியா முழுவதும் உள்ள தீயணைப்புப் படையினருக்கோ அது அஞ்சலி நாள்.

1944-ம் ஆண்டு அதே ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் "போர்ட் ஸ்டைகின்" என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் தீப்பிடித்தது. அணைக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர் இழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது.

நாடு முழுவதும் தீயைப் பற்றி நினைக்கும் வாரமே ஒரு கப்பலில் பிடித்த தீயால் வந்ததுதான். படகுக்கும் தீக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

ஓட இடம் இல்லை

வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். நடு ஏரியில் தெருவும் இல்லை, வண்டியும் வராது. கையில் இருப்பதுதான் கருவி. கூட இருப்பவர்கள்தான் வீரர்கள்.

அதிலும் ஆலப்புழைப் படகு வீடு எதனால் ஆனது? ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன "கெட்டுவள்ளம்" அது. ஆணி அடிக்காமல், மரப்பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். அடிப்பக்கம் தண்ணீர் ஏறாமல் இருக்க எண்ணெய் பூசுவார்கள். மேலே கூரையும் சுவரும் மூங்கிலும் பாயும். லாரியும் பாலமும் வந்து நெல் சுமக்கும் வேலை போனபின், 1990-களில் இந்த வள்ளங்கள் சுற்றுலாப் படகுகளாக மாறத் தொடங்கின.

மரம், நார், மூங்கில், பாய், எண்ணெய். ஒவ்வொன்றும் அடுப்புக்கு ஏற்ற விறகு!

இந்த விறகுக் கட்டுக்குள் இன்று டீசல் என்ஜின் இருக்கிறது. இரவு முழுவதும் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இருக்கிறது. சமையல் அறையில் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. அறைக்கு அறை ஒயர் ஓடுகிறது.

எரிவாயுவுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு தவழ்ந்து வாசல் வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. படகு என்பது ஒரு பெரிய கிண்ணம். கசிந்த வாயு கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். வெளியேற வழி இல்லை. அங்கே ஒரு மின்பொறி போதும். பெட்ரோல் ஆவியும் இப்படித்தான். ஆகவேதான் சிலிண்டரைத் திறந்த தளத்தில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்; கட்டிலுக்கு அடியிலும் என்ஜின் பக்கத்திலும் வைக்கக்கூடாது என்கிறார்கள்.

தப்பியவர்களும் தப்பாதவர்களும்

2020-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவு அருகே சென்றுகொண்டிருந்த ஒரு படகு வீட்டில் தீப்பிடித்தது. உள்ளே கண்ணூரில் இருந்து சுற்றுலா வந்த 13 பேர். குழந்தைகளும் இருந்தார்கள். பயணிகள் தண்ணீரில் குதித்தார்கள். பக்கத்தில் வந்த படகுகளில் இருந்தவர்கள் விரைந்து வந்து காப்பாற்றினார்கள். 13 பேரும் பிழைத்தார்கள். படகு எரிந்து நாசமானது.

அது பகல் நேரம். எல்லோரும் விழித்திருந்தார்கள். உதவிக்கு வேறு படகுகள் பக்கத்தில் இருந்தன. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காசுமீரத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2023-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி விடியற்காலையில் ஸ்ரீநகர் தால் ஏரியில் ஒரு படகு வீட்டில் பிடித்த தீ, பக்கத்துப் படகுகளுக்கும் தாவியது. 5 படகு வீடுகள் எரிந்து சாம்பலாயின. வங்காள தேசத்தில் இருந்து வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் 3 பேர் பரிதாபமாக இறந்தார்கள்.

தால் ஏரிப் படகு வீடுகள் ஓடுவதில்லை. கரையோரம் கட்டிய இடத்திலேயே நிற்கும். கரை அவ்வளவு பக்கத்தில் இருந்தும் 3 உயிர்கள் போயின. காரணம், நேரம். எல்லோரும் உறங்கும் நேரத்தில் தீ விழித்துக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 1917-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போடப்பட்டது. வெள்ளைக்காரர் காலத்து அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது.

இதன்படி இயந்திரப் படகைப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரி அதைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும். இதைத்தான் படகுத் துறையில் "சர்வே" என்கிறார்கள். படகின் உடல் உறுதியாக இருக்கிறதா, என்ஜின் சரியா, உயிர்காக்கும் சட்டைகள் உண்டா, தீயணைப்புக் கருவிகள் உண்டா என்பதெல்லாம் இந்தச் சோதனையில் அடங்கும். படகின் அளவையும் வகையையும் பொறுத்துக் கருவிகளின் தேவை மாறும்.

கேரளாவில் இந்தப் பொறுப்பு மாநிலக் கடல்சார் வாரியத்தைச் சேர்ந்தது.

சட்டம் இருக்கிறது. அதிகாரி இருக்கிறார். சான்றிதழும் இருக்கிறது. பிறகு நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம்.

கவலை உண்டு. அதிகாரி படகைப் பார்ப்பது ஒரு நாள். படகு ஓடுவது வருடம் முழுவதும். அந்த ஒரு நாளில் சுவரில் இருந்த கருவி, அடுத்த மழைக்காலத்தில் துருப்பிடித்திருக்கலாம். பக்கத்துப் படகின் சர்வேக்குக் கைமாறிப் போயிருக்கலாம். ஒரு முறை பயன்படுத்திவிட்டு மீண்டும் நிரப்பாமல் தொங்கவிடப்பட்டிருக்கலாம். சான்றிதழ் அன்றைய நிலையைச் சொல்லும். இன்றைய நிலையைக் கருவிதான் சொல்லும்.

சான்றிதழ் இருந்தும் 34 பேர்

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் சாட்சி.

2019-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி அதிகாலை. கலிபோர்னியா மாநிலக் கரையை ஒட்டிய சாந்தா குரூஸ் தீவு அருகே "கன்செப்சன்" என்ற படகு நங்கூரம் பாய்ச்சி நின்றிருந்தது. கடலில் மூழ்கி மீன்களையும் பாறைகளையும் பார்க்கும் பொழுதுபோக்குக்காக விடுமுறைக்கு வந்தவர்கள், கீழ்த்தளத்துப் படுக்கை அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தீப்பிடித்தது. படகில் இருந்த 39 பேரில் 34 பேர் மாண்டார்கள். மேல்தளத்தில் இருந்த படகு ஊழியர்கள் 5 பேர் மட்டுமே பிழைத்தார்கள்.

அந்தப் படகு, கடலோரக் காவல் படையின் சோதனைகளில் தேறிய படகு! சான்றிதழ் செல்லுபடியாகக்கூடியதாகவே இருந்தது.

பின் எங்கே தவறு? இரவில் யாரும் விழித்திருந்து சுற்றிவரவில்லை. கீழ்த்தளத்தில் இருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் மேலே ஒரே அறையில்தான் போய் முடிந்தன. தீ எரிந்ததும் அந்த அறையில்தான். இரவுக் காவல் வைக்காத குற்றத்துக்காக அந்தப் படகின் தலைவருக்கு 2024-ம் ஆண்டில் 4 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கருவி இருந்தால் போதாது. அதை எடுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். எடுக்கப் போகும் வழி திறந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கணக்கு

சொந்தமாகப் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்குக் கடலோரக் காவல் படை வகுத்த தீயணைப்புக் கருவி விதி 2022-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி முதல் திருத்தப்பட்டது. நமக்கும் பாடமாக இருக்கக்கூடிய விதி அது.

அங்கே கருவிகளை "5-பி", "20-பி" என்று எண்ணிட்டுச் சொல்கிறார்கள். "பி" என்றால் எண்ணெய், பெட்ரோல் போன்ற திரவத்தில் பிடிக்கும் தீ. 5 என்றால், பழக்கம் இல்லாத ஒருவர் அதைக் கொண்டு ஏறத்தாழ 5 சதுர அடிப் பரப்பில் எரியும் எண்ணெய்த் தீயை அணைக்கலாம் என்று பொருள். ஐந்து சதுர அடி என்றால் என்ன? ஒரு சின்ன சாப்பாட்டு மேஜையின் பரப்பு. அவ்வளவுதான்!

26 அடிக்குக் குறைவான படகுக்கு 5-பி கருவி ஒன்று. 26 முதல் 40 அடிக்குள் இரண்டு, அல்லது 20-பி ஒன்று. 40 முதல் 65 அடி வரை மூன்று, அல்லது 20-பி ஒன்றும் 5-பி ஒன்றும். என்ஜின் அறையில் தானாக அணைக்கும் நிலையான கருவி இருந்தால் இவற்றில் ஒரு 5-பி குறைத்துக்கொள்ளலாம். மூடிய அறைகளோ, நிலையாகப் பொருத்திய எண்ணெய்த் தொட்டியோ இல்லாத, வெளியே என்ஜின் மாட்டிய சிறு திறந்த படகுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆவி தங்கக் கிண்ணம் இல்லையே!

2018-ம் ஆண்டு மாதிரிப் படகுகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் புது எண்கள் கொண்ட கருவியே வேண்டும். பழைய படகுகளில் பழைய முத்திரைக் கருவிகள் நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான புது விதி இதுதான்: மறுபடி நிரப்ப முடியாத கருவியின் அடியில் உற்பத்தி ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து 12 ஆண்டுகள் ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டும். முள் பச்சையில் நின்றாலும் சரி, ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் இருந்தாலும் சரி.

அங்கே இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. கடலோரக் காவல் படையின் துணைத் தொண்டர்கள், படகுக்காரர் அழைத்தால் வந்து சோதித்துச் சொல்வார்கள். கட்டணம் இல்லை. குறை கண்டால் அபராதமும் இல்லை. சரியாக இருந்தால் படகில் ஒட்ட ஒரு அட்டை தருவார்கள். சரியில்லை என்றால் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பயமுறுத்தாத சோதனை! படகுக்காரர் குறையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

உருளைக்குள் என்ன இருக்கிறது?

படகுகளில் அதிகமாகக் காணப்படுவது உலர்ந்த பொடி அடைத்த கருவி. "ஏ.பி.சி." என்று எழுதியிருக்கும். நம் நாட்டுக் கணக்கில் "ஏ" என்பது மரம், துணி, காகிதம். "பி" என்பது எண்ணெய். "சி" என்பது எரிவாயு. (அமெரிக்காவில் "சி" என்றால் மின்சாரத் தீ. அங்கிருந்து வாங்கி வந்த கருவியைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.)

உருளைக்குள் பொடியோடு அழுத்தமான வாயுவும் அடைபட்டிருக்கிறது. பிடியை அமுக்கினால் வாயு பொடியைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும்.

எவ்வளவு நேரம் பாயும்? சிறிய கருவி என்றால் சுமார் 10 விநாடிதான்! "ஒன்று, இரண்டு" என்று பத்து எண்ணி முடிப்பதற்குள் காலி. பலர் இதை அறிவதில்லை. தீயணைப்பு வண்டியின் குழாய்போல நின்று நிதானமாக அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். தூரத்தில் நின்று மூன்று விநாடி, பயத்தில் மேலே கீழே நான்கு விநாடி என்று வீணாக்கிவிட்டால் தீக்கு மிஞ்சுவது மூன்றே விநாடி.

படகில் வேறொரு தொல்லையும் உண்டு. என்ஜின் ஓட ஓட உருளை அதிர்ந்துகொண்டே இருக்கும். அரிசி டப்பாவைத் தட்டத் தட்ட அரிசி அமுங்குவதுபோல, பொடி அடியில் இறுகிவிடலாம். ஈரம் புகுந்தால் கட்டியாகிவிடும். முள் பச்சையில் நிற்கும், அமுக்கினால் வாயு மட்டும் "புஸ்" என்று வரும், பொடி வராது.

கரியமில வாயு அடைத்த கருவிகளும் உண்டு. அகன்ற கறுப்புக் கூம்பு இருக்கும். மின் பலகை, ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு ஏற்றது. அதில் முள் காட்டும் வட்டம் இருக்காது. எடை போட்டுத்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று அறிய முடியும்.

பயணியின் 5 நிமிட சர்வே

வாசகர்களே, படகில் ஏறியதும் கயிற்றை அவிழ்க்கும் முன் 5 நிமிடம் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மொழி தெரியாதே என்று தயங்கவும் வேண்டாம். சிவப்பு உருளையைக் கைகாட்டினால் போதும்.

முதலில், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுப்புக்கு மேலேயே மாட்டியிருந்தால் பயன் இல்லை. அடுப்பு எரியும்போது அதை எப்படி எடுப்பது? சமையல் அறை வாசலுக்கு வெளியே, என்ஜினுக்குப் போகும் வழியில், படுக்கை அறைப் பக்கம் என்று கைக்கு எட்டும் இடங்களில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் இருப்பது இல்லாததற்குச் சமம்.

இரண்டாவது, முள். பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, பிடியில் குத்தியுள்ள ஊசியும் அதன் முத்திரையும். முத்திரை அறுந்திருந்தால் யாரோ பயன்படுத்தி இருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அரை விநாடி அமுக்கிய கருவியும் நாளடைவில் வாயுவை இழந்துவிடும்.

நான்காவது, சீட்டு. கடைசியாக எப்போது சோதித்தார்கள், அடுத்து எப்போது நிரப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். தேதி தாண்டியிருந்தால் கேளுங்கள். உருளையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, உடலும் குழாயும். அடியில் துரு உண்டா? குழாய் வெடித்திருக்கிறதா? குழாய் முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், தண்ணீர்க் கரையில் குளவிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆறாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. படகு ஊழியரிடம், "இதை எப்படி எடுப்பீர்கள், காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் ஒரே நொடியில் கொக்கியில் இருந்து எடுத்துக் காட்டினால் நிம்மதியாக நாற்காலியில் உட்காரலாம். எது ஊசி, எது பிடி என்று அவர் தேடினால், நீங்கள் வேறு படகு தேடலாம்.

இரவு தங்குவதாக இருந்தால் இன்னும் ஒரு கேள்வி: "ஜெனரேட்டர் ஓடும்போது யார் விழித்திருப்பார்கள்?" படுக்கும் முன் அறையில் இருந்து வெளியேற எத்தனை வழி என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். உயிர்காக்கும் சட்டைகளைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

முதல் வேலை, கூவுவது. எல்லோரும் உயிர்காக்கும் சட்டை போட்டுக்கொண்டு தீ இல்லாத முனைக்குப் போக வேண்டும். சமையல் வாயுவை மூடவேண்டும். என்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி எண்ணெய் போகும் வழியை அடைக்கவேண்டும். தீ காற்றோடு சேர்ந்து பயணிகள் பக்கம் வராதபடி படகைத் திருப்புவது சுக்கான் பிடிப்பவரின் வேலை.

கருவியை எடுப்பவருக்கு நான்கே சொல்: இழு, நீட்டு, அமுக்கு, வீசு.

ஊசியை இழு. குழாய் முனையைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராக நீட்டு; சுடரின் தலையில் அடித்தால் பொடி வீண். பிடியை அமுக்கு. பெருக்குமாறு போடுவதுபோல இடமும் வலமும் வீசு. முதுகுப் பக்கம் தப்பிக்க வழி இருக்கும்படி நிற்க வேண்டும். 10 விநாடியில் அடங்கவில்லை என்றால், வீரம் காட்டாமல் படகைவிட்டு வெளியேறவேண்டும்.

பழைய சோடா ஆசிட் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்து காட்டியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இன்றையப் பொடிக் கருவியை நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும்.

வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. சுற்றிலும் ஏரித் தண்ணீர் இருக்கிறதே என்று ஒரு வாளி மொண்டு ஊற்றினால், எண்ணெய் சிதறித் தீ கூரைக்குத் தாவும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் வாணலியை மூடினாலே போதும்.

என்ஜின் அறையில் இருந்து புகை வந்தால் மூடியை முழுவதும் திறக்கக்கூடாது. திறந்தால் காற்றை ஊட்டி வளர்ப்பதாகும். இதற்காகவே நல்ல படகுகளில் மூடியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் கருவியின் முனையை விட்டு அடிப்பார்கள்.

நம்முடைய பங்கு

படகுக்காரரை மட்டும் கேள்வி கேட்டால் போதாது. நாமும் நம் பெட்டியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றுவதும், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளை வைப்பதும், மூங்கில் சுவரில் பாதி சிகரெட்டை நசுக்குவதும் படகு வீட்டுக்கு ஆகாதவை.

இந்தக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செல்போன், கேமரா, மின்கலப் பெட்டி என்று ஒரு குடும்பத்தில் பத்து பொருள்கள் இரவு முழுவதும் மின்சாரம் ஏற்றிக்கொண்டு கிடக்கின்றன. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பொடி சுடரை அடக்கும். ஆனால் உள்ளே உள்ள சூடு அடங்காது. சிறிது நேரத்தில் மறுபடி எரியும். எனவே படுக்கையின்மேல் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

சீட்டில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்துவதும் நம்மவர்தான். "சின்னப் பிள்ளைதானே, மடியில் உட்காரட்டும்" என்போம். 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அது தீ விபத்து அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். விதிகள் காகிதத்தில் இருந்தன, படகில் இல்லை.

பயணி கேட்கத் தொடங்கினால் படகுக்காரர் செய்யத் தொடங்குவார். "மீன் வறுவல் உண்டா?" என்று பத்துப் பேர் கேட்டதால்தான் எல்லாப் படகிலும் மீன் வறுவல் வந்தது. "உருளையில் முள் எங்கே நிற்கிறது?" என்று பத்துப் பேர் கேட்டால், அதுவும் பச்சைக்கு வந்துவிடும். அதிகாரியின் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை வரலாம். பயணியின் சோதனை தினமும் நடக்கும்.

சரி, படகை விடுங்கள். உங்கள் வீட்டில், கடையில், அடுக்குமாடிப் படிக்கட்டில் ஒரு சிவப்பு உருளை தொங்குகிறதே, அதன் சீட்டைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

வருகிற சித்திரை முதல் நாள் காலையில் கனி கண்டு, புது உடுப்பு உடுத்திய பிறகு, அந்த உருளையின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். முள்ளைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். அன்று 66 வீரர்களின் நினைவு நாள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

பிறகு ஆலப்புழைக்குப் போங்கள். காயல் அழகாகத்தான் இருக்கும். பாட்டி கேட்டால் மட்டும் சிரிக்காதீர்கள். உருளையைக் கொக்கியில் இருந்து எடுத்து, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காட்டிக் கொடுங்கள்: இழு, நீட்டு, அமுக்கு, வீசு.

அதன்பின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம்.